கரைமணமும் ஆவிமணமும்: பரிசலிலிருந்து இடும் மண இரைகள் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பென்னாகரம் வட்டத்துக் காவிரிக் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் என்ன இரை என்று கேட்டால், மண்புழுவுக்கு அடுத்தபடியாக ராகி மாவின் பெயர் வரும். ராகி விளையும் மாவட்டத்தில் இது இயல்பே. மாவைப் பிசைந்து உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, முள்ளை மூடும்படி அப்பி இடுவது காவிரிக்குரிய வழக்கம். கர்நாடகத்தின் பீமேசுவரி, கலிபோர் பகுதிகளிலிருந்து ஒகேனக்கல் வரை இது ஆற்றோடு சேர்ந்தே இறங்கி வருகிறது. 1970களின் இறுதியில் மகசீர் தேடி இங்கிலாந்திலிருந்து காவிரிக்கு வந்த தூண்டிற்காரர்களும் இந்த ராகி உருண்டையையே கையில் எடுத்தார்கள்.

இரைக்கு மணமூட்டுவதும் இரையை மீனுக்கேற்ப மாற்றுவதும் பழைய கலைகள். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் ஆக்கிய மானசோல்லாசத்தில் ‘மத்ஸ்யவிநோதம்’ என்ற பகுதி தூண்டில் மீன்பிடிப்புக்கென்றே அமைந்தது. எவ்வகை மீனுக்கு எவ்வகை உணவு என்பதை அது பிரித்துப் பேசுகிறது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோரா 1951இல் அப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். ஆக, இரையை வகைப்படுத்தும் முயற்சிக்கு நம்மிடம் எட்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபு உண்டு.

இன்று சந்தையில் சோம்பு, வெண்ணிலா, பூண்டு, பழவாசனை என்று குப்பிகளில் மணச்சாறுகள் விற்கின்றன. கடலில் படகிலிருந்து தூண்டில் போடுவோரும் ஆற்றில் போடுவோரும் அவற்றை வாங்கி இரையில் கலந்து பார்க்கிறார்கள். ஒருவருக்குச் சோம்பு பலிக்கிறது. மற்றொருவருக்கு அதே சோம்பில் ஒரு கடியும் விழுவதில்லை. எந்த மணம் நல்லது என்ற வாதம் அப்படியே நிற்கிறது. மீனுக்கு மணம் என்பது எது என்று முதலில் வரையறுக்காததே இவ்வாதம் முடியாததற்குக் காரணம் என்பது நம் கருத்து. குப்பியை முகர்ந்து நாம் தீர்மானிக்கும் மணமும், நீருக்கடியில் மீனை எட்டும் மணமும் பெரும்பாலும் வேறு வேறு பொருள்கள். இதை நிறுவுவதும், நிறுவியபின் நேர்மையான சோதனை எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் பணி.

எல்லையைச் சொல்லிவிடுகிறோம். இங்கே ஆராயப்படுவது தருமபுரி மாவட்ட நீர்நிலைகளில் பரிசலிலிருந்து இடும் இரை. கடல் ஒப்புமைக்காக மட்டும் வரும். 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில் மீனும் விலங்கே. ஆகவே சரணாலய எல்லைக்குட்பட்ட நீர் நம் சோதனைக் களம் ஆகாது. கூன்முதுகு மகசீரும் நம் ஆய்வுப் பொருள் ஆகாது. காவிரி வடிநிலத்துக்கே உரிய அம்மீன் இன்னதென்று 2018இல்தான் ஐயமற அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டிலேயே அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறியது. நல்ல இரை ஒன்றைக் கண்டுபிடித்து அதை இந்த மீனின் மேல் சோதிப்பதை நாம் ஆய்வு என்று கொள்ளமாட்டோம்.

2. இலக்கணம்

இனி வரும் கலைச்சொற்கள் சில நாம் ஆக்கிக்கொண்டவை. அவற்றின் பொருளை இங்கே கட்டிவிட்டால் பின்னால் குழப்பம் இராது.

*மணப்பொருள்* என்பது இரையிலிருந்து பிரிந்து சென்று மீனின் வேதிப்புலன் ஒன்றை எட்டி, அதன் நடத்தையை மாற்றக்கூடிய பொருள். நடத்தை மாற்றம் இரையை நோக்கியும் இருக்கலாம், இரையை விட்டு விலகியும் இருக்கலாம். இரண்டும் மணமே.

*ஆவிமணம்* என்பது காற்றில் ஆவியாகி நம் மூக்கை எட்டுவது. *கரைமணம்* என்பது நீரில் கரைந்து மீனை எட்டுவது. ஒரே பொருள் இரண்டும் ஆகலாம். பூண்டில் இரண்டும் உண்டு. ஒன்று மட்டும் ஆகவும் கூடும். கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நம் மூக்குக்குத் தெரியும் மணம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் நீரில் சுமார் 250 கிராம் கரையும். சோம்பின் மணத்துக்குக் காரணமான அனத்தோலோ அறை முழுக்க மணக்கும். ஒரு லிட்டர் நீரில் கரைவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே. இவ்விரு எண்களுக்கு இடையிலுள்ள தூரமே நம் ஆய்வின் அச்சு.

*கசிவு* என்பது இரையிலிருந்து கரைமணம் நீருக்குள் வெளியேறும் வேகம். *மணத்தடம்* என்பது கசிந்த பொருள் நீரோட்டத்தால் இழுபட்டு உண்டாக்கும் நீண்ட பாதை. ஓட்டம் இல்லாதபோது அது தடமாக நீளாமல் இரையைச் சுற்றியே தங்கும். அந்நிலையை *மணக்கூடு* என்போம். *மூல இரை* மணம் சேர்க்காத வெறும் ராகி உருண்டை. மணம் சேர்த்த எதையும் அதனோடு ஒப்பிட்டே மதிப்பிடவேண்டும்.

3. மீனின் இரு வேதிப்புலன்கள்

மீனுக்கு நாசியும் உண்டு, நாவுக்கு நிகரான சுவையுணர் மொட்டுகளும் உண்டு. நாசித்துளை பெரும்பாலான மீன்களில் தொண்டையோடு தொடர்பற்றது. நீர் ஒரு துளை வழியே நுழைந்து, உள்ளே மலரிதழ்போல் அடுக்கிய மடிப்புகளைத் தழுவி, மறு துளை வழியே வெளியேறும். மூச்சுக்கு அதனால் பயனில்லை. மணமறிதலே அதன் வேலை.

சுவைமொட்டுகளின் கதை விரிவானது, கெளுத்தியினத்தில் குறிப்பாக. வட அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் புறத்தோலில் மட்டும் 1,75,000க்கு மேற்பட்ட சுவைமொட்டுகளை 1971இல் யெல்லே அத்தேமா கணக்கிட்டுக் காட்டினார். மீசையில் மட்டுமல்ல, விலாவிலும் வாலிலும் கூட அவை உள்ளன. அதாவது கெளுத்தி தன் உடம்பு முழுவதாலும் சுவைக்கிறது. ஜான் காப்ரியோ 1975இல் வேறொரு அமெரிக்கக் கெளுத்தியின் சுவை நரம்புகளை அளந்தார். அலனின் போன்ற சில அமினோ அமிலங்களுக்கு அவை ஒரு லிட்டரில் ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற செறிவிலும் அதற்குக் கீழும் விழித்துக்கொண்டன. நம் அளவையில் சொன்னால், பத்து இலட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அலனின்.

நாசியா, சுவைமொட்டா, தொலைவிலுள்ள இரையை எது கண்டறிகிறது? ஹார்வர்டில் ஜார்ஜ் ஹோவர்ட் பார்க்கர் 1910இல் இதைக் கெளுத்திகளிடம் சோதித்தார். மெல்லிய துணிப்பை ஒன்றில் நறுக்கிய மண்புழுவையும் மற்றொன்றில் வெறும் துணியையும் வைத்துத் தொட்டியில் தொங்கவிட்டார். மீசை வெட்டப்பட்ட மீன்கள் புழுப்பையைக் கண்டுபிடித்தன. மணநரம்பு துண்டிக்கப்பட்டவை பொருட்படுத்தவில்லை. 1967இல் பார்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையோ, கெளுத்தி சுவையுணர்வை மட்டும் கொண்டும் திசையறியக்கூடும் என்று காட்டியது. இரண்டு முடிவும் மோதுவதாக நாம் கருதவில்லை. நீர் ஓடுகிறதா நிற்கிறதா, செறிவு எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து மீன் எதைக் கொண்டு தேடுகிறது என்பது மாறும் என்று கொள்வதே பொருத்தம்.

காவிரியின் மீன்கள் எல்லாம் கெளுத்தி அல்ல. வாளை கெளுத்தியினமே என்றாலும் நீண்ட மீசையுடைய வேட்டை மீன். விரால் பெரும்பாலும் கண்ணால் வேட்டையாடுவது. கங்கை, கோதாவரிக்குரியதாயிருந்து மனிதரால் காவிரிக்கு வந்த கட்லாவுக்கு வாய் மேல்நோக்கியது. மேல்மட்ட நீரில் மேய்வது. ரோகு நடுநீரிலும் மிருகால் அடிமட்டத்திலும் மேயும். அடியில் கிடக்கும் மணவுருண்டைக்குக் கட்லா வரவில்லை என்றால் அந்த மணம் தோற்றது என்று எழுதிவிட முடியாது. இரை கிடந்த ஆழம் தோற்றது.

4. மணத்தை நீர் எடுத்துச்செல்லும் முறை

இரைபற்றிய பேச்சுகளில் மிகக் குறைவாகவே கவனிக்கப்படுவது இப்பகுதி. ஆகவே இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

நீரில் கரைந்த பொருள் தானாகப் பரவுவது நம்பமுடியாத அளவுக்கு மெதுவானது. அசையாத நீரில் ஓர் அமினோ அமிலம் ஒரு சென்டிமீட்டர் பரவச் சுமார் 14 மணிநேரம் ஆகும். தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும் என்பது பரவலின் விதி. அதன்படி 10 சென்டிமீட்டருக்கு இரண்டு மாதமும், ஒரு மீட்டருக்கு 15 ஆண்டுக்கு மேலும் ஆகும். சொட்டுச் சாயத்தை டம்ளரில் விட்டால் நொடியில் பரவுகிறதே என்றால், அங்கே பரப்புவது நீரின் கலக்கம். எனவே மணத்தை மீனிடம் சேர்ப்பது நீரோட்டமே. எந்த மணப்பொருளைச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன் நீர் எப்படி ஓடுகிறது என்று கேட்கவேண்டும்.

இவ்வகையில் நம் மாவட்டத்து நீர்நிலைகள் மூன்று இனமாகின்றன.

முதலாவது *ஓடுநீர்*: பிலிகுண்டுலு வழியே தமிழகத்துள் நுழைந்து, ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே பல கிளையாகப் பிரிந்து விழும் காவிரி. இங்கே மணத்தடம் நீளமாகும். அதே நேரத்தில் சுழலும் பாறையும் அதை இழை இழையாகக் கிழிக்கும். கீழ்நீரில் நிற்கும் மீனுக்கு மணம் தொடர்ச்சியாக வராது, விட்டுவிட்டு வரும். ஓர் இழை பட்டதும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, இழை அறுந்ததும் பக்கவாட்டில் அலைந்து தேடுவது மீனின் வழக்கம். நீர்வரத்து கூடிச் செந்நீர் வரும் நாட்களில் கண் பயன்படாது, மணமே துணை. ஆனால் அதே நாட்களில் ஓட்டம் மணத்தடத்தைச் சிதைத்துவிடவும் செய்யும். வெள்ளம் மிகும்போது பரிசல் இயக்கத் தடையும் வந்துவிடும் என்பதால் அந்த உச்சநிலை நம் கணக்கில் வராது.

இரண்டாவது *தயங்குநீர்*: 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் பின்னீர். அது நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் அகன்று கிடக்கிறது. இங்கே ஓட்டத்தை ஆள்வது காற்று. காற்று மேல்நீரை ஒரு பக்கம் தள்ள, அடிநீர் எதிர்ப்பக்கம் மெல்ல நகரக்கூடும். மேலே மிதக்கும் தக்கை தெற்கே போகையில் அடியிலுள்ள இரையின் மணத்தடம் வடக்கே போகலாம்.

மூன்றாவது *நிலைநீர்*: பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணை, வாணியாறு, தொப்பையாறு போன்ற சிறு நீர்த்தேக்கங்கள். காற்றில்லா வேளையில் இங்கே மணக்கூடுதான், தடம் இல்லை. இரை மீனைத் தேடிச் செல்லாது. மீன் மேய்ந்துகொண்டே கூட்டுக்குள் வந்து நுழையவேண்டும்.

இனிப் பரிசல். அடிக்கட்டையற்ற இவ்வட்டக்கலம் துடுப்பை விட்டால் நீரோடு நீராகச் சுழன்று போகும். அப்படி மிதந்து போகும் பரிசலிலிருந்து தொங்கும் இரைக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் இடையே அசைவே ஏறக்குறைய இல்லை. இரையும் நீரும் ஒன்றாகவே போகின்றன. ஆற்றில் இருந்தாலும் அந்த இரை தன் மணக்கூட்டைச் சுமந்துகொண்டு போகிறதே ஒழிய மணத்தடம் விடுவதில்லை. பரிசலைப் பாறையில் கட்டிவிட்டால் அக்கணமே தடம் பிறக்கிறது. கடலிலும் இதுவே நியாயம்: நங்கூரமிட்ட படகின் இரை தடம் விடும், நீரோட்டத்தோடு மிதக்கும் படகின் இரை விடாது, காற்று படகை நீரைவிட வேகமாகத் தள்ளினால் மட்டும் சிறிது விடும். ஒரே மணச்சாறு ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காததற்கு, குப்பியைவிடக் கயிறு காரணமாயிருக்க வாய்ப்பு அதிகம்.

5. மணப்பொருள்களின் வகை

காவிரிக் கரையிலும் கடற்கரையிலும் இரையில் சேர்க்கப்படுபவற்றை அவை நீரில் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறோம்.

*எண்ணெயினம்.* சோம்பெண்ணெய், பெருங்காயத்தின் கந்தக எண்ணெய், கடலில் மத்தி எண்ணெய். இவை நீரைவிட இலேசானவை. மீனெண்ணெயின் அடர்த்தி நீரின் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டியது. இரையிலிருந்து விடுபட்டதும் மேலேறி நீர்ப்பரப்பில் படலமாகும். மேல்நீரில் மேயும் கூட்டங்களுக்கு அது பொருந்தலாம். அடியில் படுத்திருக்கும் மிருகாலுக்குத் தலைக்குமேல் போகும் செய்தி அது.

*கரையினம்.* கருவாட்டுத்தூள், மண்புழுச் சாறு, இறால் ஓடு வேகவைத்த நீர், கோழிக்குடல். இவற்றின் பயன் கட்டற்ற அமினோ அமிலங்களிலும் சிறு புரதத் துண்டுகளிலும் இருக்கிறது. இவை நீரில் நன்றாகக் கரையும். நீரோடு நீராகவே நகரும். காப்ரியோவின் அளவீடுகள் பேசுவது இவ்வினத்தைப் பற்றித்தான். வெண்ணிலாவின் வெனிலினும் ஓரளவு கரையக்கூடியது, லிட்டருக்குச் சுமார் 10 கிராம். ஆனால் கரைவது வேறு, மீனின் புலன் அதை உணவென்று ஏற்பது வேறு.

*புளிப்பினம்.* இராமுழுக்க ஊறிப் புளித்த ராகி மாவு, புளித்த கடலைப் புண்ணாக்கு, தவிடு. நுண்ணுயிரிகள் மாவுப்பொருளைக் கரிம அமிலங்களாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. வீட்டில் கூழ் புளிப்பதும் இவ்வினைதான். செலவில்லாமல் கரையினத்தை உண்டாக்கும் வழி இது. நம் கணிப்பில் குப்பிச் சாறுகளைவிட இதற்கே அதிக கவனம் கிடைத்திருக்கவேண்டும். விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லாததால் யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

*விலக்கினம்.* விரட்டும் மணங்கள். காயம்பட்ட கெண்டையின் தோலிலிருந்து கசியும் பொருள் அதன் கூட்டத்தைக் கலைத்து ஓடச்செய்வதை 1938இல் கார்ல் வான் ஃபிரிஷ் ஐரோப்பியச் சிறுகெண்டைகளிடம் கண்டார். கெண்டையினத்திலும் கெளுத்தியினத்திலும் இப்பண்பு பரவலாக உண்டு. கெண்டை பிடிக்கக் கெண்டையையே நறுக்கிப் பிசைவோர் இதை எண்ணிப்பார்க்கவேண்டும். வாளைக்கு இரையாகும் அதே துண்டு கெண்டைக் கூட்டத்துக்கு எச்சரிக்கையாக ஒலிக்கக்கூடும். மனிதக் கையும் இவ்வினத்தில் வரலாம். பாலூட்டிகளின் தோல் கழுவிய நீர், ஆறு ஏறும் சால்மன் மீன்களைத் தயங்கச் செய்வதையும், அதற்குக் காரணம் செரின் என்ற அமினோ அமிலம் என்பதையும் கனடாவில் 1956இல் இட்லர் குழுவினர் அறிவித்தனர். சால்மனின் இயல்பைக் கெண்டைக்கு ஏற்றிச்சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும் பீடி பிடித்த கையால் பிசைந்த மாவையும் கழுவிய கையால் பிசைந்த மாவையும் ஒரே இரை என்று எழுதக்கூடாது.

வகைகளைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. ஒரே பானையில் வெந்த ராகி உருண்டைகள் மூன்றை எடுத்துக்கொள்வோம்: ஒன்று வெறும் மாவு, ஒன்றில் சோம்பெண்ணெய், ஒன்றில் கருவாட்டுத்தூள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஆற்றுநீர் நிரப்பி டம்ளருக்கொன்றாக இட்டு, அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே வைக்கவேண்டும். சோம்புருண்டையின் மேல் நுண்துளிகள் ஒட்டியிருந்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலேறி, நீர்ப்பரப்பில் வானவில் நிறம் மின்னும் படலமாகும். டம்ளருக்கு மேலே முகர்ந்தால் மூன்றிலும் இதுவே பலமாக மணக்கும். உருண்டையைச் சுற்றியுள்ள நீரோ தெளிவாகவே இருக்கும். கருவாட்டுருண்டையிலிருந்து மெல்லிய மஞ்சள் கலங்கல் ஒன்று வழிந்து அடியை நோக்கி இறங்கி டம்ளரின் தளத்தில் படியும். மேலே முகர்ந்தால் அதிகம் தெரியாது. நம் மூக்கு முதற்பரிசு தரும் டம்ளர் வேறு, அடியில் மேயும் மீனுக்குச் செய்தி அனுப்பும் டம்ளர் வேறு என்பது விளங்கும்.

இங்கே வேகவைப்பதன் பங்கையும் சொல்லவேண்டும். ராகி மாவுச்சத்து 65 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பசையாகிறது. வெந்த உருண்டையின் மேல் வழவழப்பான, மங்கிய பளபளப்புள்ள தோல் ஒன்று உண்டாகும். அது சிறுமீன் கொத்தலைத் தாங்கும், கசிவையும் தடுக்கும். வேகாத மாவு விரைவில் கரைந்து ஏராளமாகக் கசிந்துவிட்டு முள்ளைக் காலியாக்கிவிடும். ஆகையால் மணப்பொருளை மாவில் பிசைந்து வேகவைப்பதும், வெந்தபின் மேலே பூசுவதும் வேறு வேறு சோதனைகள். முன்னதில் கசிவு மெதுவானது, நீடிப்பது. பின்னதில் முதற்சில நிமிடங்களில் மிகுந்து, பின் அடங்கிவிடும். உருண்டையின் அளவும் கசிவை மாற்றும்: விட்டத்தைப் பாதியாக்கினால் எடைக்கு எடை வெளிப்பரப்பு இருமடங்காகும். எலுமிச்சை அளவில் ஒன்றையும் நெல்லிக்காய் அளவில் மற்றொன்றையும் இட்டு மணத்தை ஒப்பிடுகிறவர் உண்மையில் அளவையே ஒப்பிடுகிறார்.

6. இரைகொள்ளலின் படிநிலைகள்

மீன் இரையை விழுங்குவது ஒரே செயல் போலத் தோன்றினாலும் நான்கு படிகள் உடையது: விழிப்பு, தேடல், தீண்டல், ஏற்பு. மணம் பட்டு மீன் அசைவை மாற்றுவது விழிப்பு. தடத்தைப் பற்றி வருவது தேடல். மீசையாலோ உதட்டாலோ தொடுவது தீண்டல். வாயில் வைத்தபின் துப்பாமல் கொள்வது ஏற்பு. கெண்டையினம் வாய்க்குள் எடுத்ததைச் சுவைத்து, வேண்டாததைத் துப்பிவிடுவதில் தேர்ந்தது. தக்கை இருமுறை நடுங்கி நின்றுபோவது பலவேளை இதனால்தான். முதலிரண்டு படிக்கு உதவுவது தொலைவுக்குச் செல்லும் கரைமணம். கடைசிப் படிக்கு உதவுவது சுவை. ஒரு மணப்பொருள் மீனை அழைத்துவந்து வாயில் தோற்கலாம். மற்றொன்று அழைக்காமலே, தற்செயலாக வந்த மீனை நிறுத்திவைக்கலாம். இரண்டையும் ‘நல்ல வாசனை’ என்ற ஒரே பேரில் அடைப்பது ஆய்வுக்கு உதவாது.

7. சோதனையின் ஒழுங்கு

இப்பகுப்பிலிருந்து சோதனை முறை தானே வந்துவிடுகிறது. ஆயினும் ஒரு கண்ணியைச் சுட்டாமல் விடமுடியாது.

பரிசலின் இடப்பக்கம் மண இரை, வலப்பக்கம் மூல இரை என்று இரண்டு தூண்டில் போட்டுக் கடிகளை எண்ணுவதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. இரண்டு இரைக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் இருக்கும். மணத்தடங்கள் சிறிது தூரத்திலேயே பிணைந்துவிடும். மண இரையின் தடம் பிடித்து வந்த மீன், அருகிலிருந்த மூல இரையைக் கவ்வினால் வெற்றி மூல இரையின் பெயரில் பதிவாகும். ஆகவே அடுத்தடுத்து இடும் முறை தீண்டலையும் ஏற்பையும் மட்டுமே அளக்கும். விழிப்பையும் தேடலையும் அளக்க வேண்டுமானால் இரைகளை இடத்தால் பிரிக்காமல் காலத்தால் பிரிக்கவேண்டும்: கட்டிய பரிசலிலிருந்து ஒரு வேளையில் ஒரே வகை இரை, அடுத்த வேளையில் மற்றது. எது முதலில் என்பதைக் காசு சுண்டி முடிவுசெய்யவேண்டும். நம்பிக்கையுள்ள இரையை விடியற்காலைக்கும், நம்பிக்கையற்றதை உச்சிவெயிலுக்கும் ஒதுக்குவது மனித இயல்பு. காசுக்கு அந்தச் சார்பு கிடையாது.

இழுப்பவருக்கு இரை எதுவென்று தெரியாமலிருப்பது நல்லது. இதில் ஒரு வேடிக்கையான இடர்ப்பாடு: சோம்பு எது என்பது கண்ணைக் கட்டினாலும் தெரிந்துவிடும். எனவே முள்ளில் இரை கோப்பவர் ஒருவராகவும், தூண்டில் நரம்பைப் பிடித்திருப்பவர் பரிசலின் மறுபுறம் வேறொருவராகவும் இருக்கட்டும். முள், நரம்பு, ஈயக்குண்டு, ஆழம், உருண்டையின் எடை, வேகவைத்த நேரம் ஆகியவை மாறக்கூடாது.

எண்ணிக்கையைப் பற்றி. இரு இரையும் உண்மையில் சமமானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 கடிகளில் ஏதோ ஒன்றுக்கு எட்டோ அதற்கு மேலோ விழுவது நூற்றுக்குச் சுமார் 11 முறை நடக்கும். எட்டுக்கு இரண்டு என்பது தூண்டிற்காரர் வட்டத்தில் பெரிய வெற்றியாகப் பேசப்படும். கணக்கோ அதைத் தற்செயலுக்குள் அடக்கிவிடுகிறது. 20 கடிகளில் 15க்கு 5 என்றால் தற்செயலின் பங்கு நூற்றுக்கு நான்காகக் குறைகிறது. அதையும் எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும், ஏனெனில் ஒரே கூட்டம் சில நிமிடங்களில் அடுத்தடுத்துக் கடித்த ஐந்து கடிகள் ஐந்து தனிச்சான்றுகள் ஆகா. ஒரு கூட்டத்தின் வருகையை ஒரு சான்றாக எண்ணுவதே பாதுகாப்பு.

ஒன்றும் கடிக்காத நேரத்தையும் எழுதவேண்டும். கலிபோரில் 1998 முதல் 2012 வரை மகசீரைப் பிடித்துத் திரும்ப விடுவோர் வைத்த பதிவுகள் பின்னாளில் மீனியலாளர்களுக்கு ஆய்வுப் பொருளாயின; பிடித்த மீனோடு செலவிட்ட நேரமும் அதில் இருந்ததால்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிந்தது. நம் ஏட்டிலும் நீரின் இனம், அன்றைய நீர்வரத்து, நீரின் நிறம், காற்றின் திசை, பரிசல் கட்டியிருந்ததா மிதந்ததா, இரை கிடந்த ஆழம், கடியா வெறும் நடுக்கமா என்ற கட்டங்கள் மீன் எடைக்கு முன்னால் வரவேண்டும்.

8. பழக்கமணம் பற்றிய வினா

இதுவரை மணத்தை மீனின் பிறவிப் புலனோடு மட்டும் சேர்த்துப் பேசினோம். மீன் கற்கவும் செய்யும். தெப்பக்குளத்து மீன்கள் பொரியைக் கண்டு திரள்கின்றன. பொரியில் கெண்டையைப் பிறவியிலேயே ஈர்க்கும் பொருள் எதுவும் இருக்கவேண்டியதில்லை, பசியாறிய நினைவு போதும். உணவோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வந்ததால் ஈர்க்கும் தன்மை பெற்ற மணத்தைப் *பழக்கமணம்* என்போம். சிறிதளவே கரையும் சோம்பு சில இடங்களில் பலிப்பதாகச் சொல்லப்படுவதற்கு இது விளக்கமாகலாம்: பலரும் சோம்பிட்ட மாவையே எறியும் ஒரு மடுவில், அந்தச் சிறு அளவே உணவின் அடையாளமாகிவிடும்.

இதைச் சோதிக்க நிலைநீரே ஏற்றது. மணமும் மீனும் ஒரே இடத்தில் தங்கும். மீன்பிடி உரிமம் உடையவர்களின் இசைவோடு, ஒரு சிறு நீர்த்தேக்கத்தில் ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு ஒதுக்குகளைத் தேர்ந்துகொள்ளவேண்டும். முதல் ஒதுக்கில் சோம்பிட்ட ராகியையும், இரண்டாவதில் வெறும் ராகியையும் முள்ளின்றி, ஒரே அளவில், நாள்தோறும் ஒரே வேளையில் இரண்டு வாரம் தூவவேண்டும். அதன்பின் இரண்டு ஒதுக்கிலும் இருவகை இரையையும் முன்சொன்ன முறைப்படி மாற்றி மாற்றி இட்டுப் பார்க்கவேண்டும். சோம்புக்கான விருப்பம் முதல் ஒதுக்கில் மட்டும் தெரிந்தால் அது பழக்கமணம். இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிந்தால் பிறவி ஈர்ப்பு என்று கொள்ள இடமுண்டு. எதிலும் தெரியாவிட்டால் சோம்பு, குப்பி வாங்குகிறவருக்கான மணம். இதே சோதனையைக் கருவாட்டுத்தூளைக் கொண்டு செய்யும்போது, தூவாத ஒதுக்கிலும் விருப்பம் தெரியும் என்பது நம் எதிர்பார்ப்பு.